முடிச்சும் இடுக்கியும்

ஆய்வக அறைக்குள் போவதற்கு முன் ஊசியக்கா கொண்டை ஊசிகளைக் கழற்றி வாசல் கிண்ணத்தில் போடுவாள். சேஃப்டி பின், சாவிக்கொத்து எல்லாம் அதே கிண்ணத்துக்குத்தான். இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது அவளே எழுதி ஒட்டிய சட்டம். பிறகு காந்தம் ஏறாத டைட்டானியம் இடுக்கிகளைத் துடைத்து வரிசையாக வைப்பாள். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துணுக்கைப் பித்தளை ஊசிமுனையில் பசை வைத்து நிறுத்துவது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. நிறுத்தியபின் கண்டுபிடிப்பது மற்றவர்கள் வேலை.

காந்தத்துக்குள் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டித் திசைகாட்டி. சில இடங்களில் அந்தத் திசைகள் சுழன்று, முறுக்கி, லேசில் அவிழாத முடிச்சாகிவிடும். ஒரு கொண்டையை முன்னாலிருந்து மட்டும் பார்த்தால் எப்படிச் சுற்றியிருக்கிறது என்று தெரியாதல்லவா? அதனால் துணுக்கைத் திருப்பி, சாய்த்து, நூற்றுக்கணக்கில் எக்ஸ்ரே படம் எடுத்து, கணினியில் சேர்த்து முழு உருவத்தைப் பிடிப்பார்கள்.

இந்த முறை பிடிபட்டது யாரும் பார்த்திராத முடிச்சு. பேராசிரியரின் கால் தரையில் பட்டு ஒரு வாரமாகிறது. தாராள மனசோடு ஆய்வுக் கட்டுரையில் ஊசியக்காவின் பெயரையும் முதன்முறையாக, ஏழாவதாகச் சேர்த்திருந்தார். ஆறாவது பெயர் அவருடைய மருமகன். ஒருதரம் அறை வாசல்வரை வந்திருக்கிறான். அக்காவின் கணவர் சேதியைக் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறிச் சொல்லி முடித்திருந்தார்.

கட்டுரை அனுப்பும் நாளன்று, கூடப் போகும் புகைப்படத்தைக் காட்டப் பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். படத்தில் அவர் துணுக்கு ஒட்டிய ஊசியை இடுக்கியால் பிடித்தபடி எதிர்காலத்தைப் பார்த்துச் சிரித்தார். இடுக்கி பளபளத்தது.

"இது எஃகு இடுக்கி சார்."

"நம்மளது மங்கலா இருக்குன்னு போட்டோக்காரர் ஒர்க்‌ஷாப்லேர்ந்து வாங்கிட்டு வந்தாரு. நல்லா விழுந்திருக்கில்ல?"

"அங்க அதால ஸ்க்ரூ பொறுக்குவாங்க. நல்லா காந்தம் ஏறியிருக்கும். எப்ப எடுத்தீங்க?"

"மெஷின்ல ஏத்துறதுக்கு முந்தின நாள். நீ லீவு."

"அப்ப முடிச்சு தானா விழுந்ததா, நீங்க தொட்டு விழுந்ததா?"

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். அணுக்களுக்குக் கேட்டுவிடப் போகிறதே.

"தொட்டதுக்கெல்லாம் முடிச்சு விழுமாம்மா?"

"தெரியாது சார். தெரியாததாலதான் சொல்றேன். தொடாத துணுக்கு ஒண்ணு பெட்டியில இருக்கு. அதுலயும் முடிச்சு வருதான்னு பாத்துட்டு அனுப்பலாம். பத்து நாள் ஆகும்."

"பத்து நாள்ல எதிர் கோஷ்டிக்காரன் முந்திடுவான். உனக்கு நாலாவது இடம் தரேன். மருமகனுக்கும் மேல. போதுமா?"

ஊசியக்கா யோசிக்கத்தான் செய்தாள். நாலாவது என்றால் கணவர் திரும்பவும் மாடியேறுவார். அவருக்கு முழங்கால் வலி வேறு.

"என் பேரை எடுத்துடுங்க சார். ஏன் எடுத்தீங்கன்னு மத்தவங்க கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"தொடாததை ஏத்தட்டுமா சார்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார். அது அவருடைய அறை.