மரத்துக்கு இந்தப் பக்கம் பிறந்தவள்

எனக்குச் சர்க்கரை என்றால் ஒருவரும் நம்புவதில்லை. "இந்த ஒல்லி உடம்புக்கா?" என்று ஏற இறங்கப் பார்ப்பார்கள். பிறகு ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. இனிப்பை அள்ளித் தின்றிருப்பாள், உடம்பு வணங்கி வேலை செய்திருக்க மாட்டாள். உடம்பு வணங்காதவளாம்! கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி வளர்ந்தவள் நான். அந்தத் தீர்ப்புகளை எடுத்துக்கொண்டு போய் வேறு யாருக்காவது கொடுங்கள். என் சர்க்கரையின் கதை நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள். படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டு எங்கள் பக்கம் திடீர் திடீரென்று சாலை மறியல் நடக்கும். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிடுவார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது, அதை இன்றும் சொல்வேன். ஆனால் ஆஸ்பத்திரி கள்ளக்குறிச்சியில், மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அம்மாவுக்குத் தலைப்பிரசவ வலி அப்படி ஒரு நாளில்தான் கண்டது. பெரிய குழந்தை, தலை இறங்கவில்லை. மாட்டு வண்டி பாதி வழியில் மரத்தின் முன்னால் நின்றுவிட்டது. ஆட்கள் சேர்ந்து மரத்தை நகர்த்துவதற்குள் என் அண்ணன் போய்விட்டான்.

அடுத்து நான் வயிற்றில் வந்தபோதும் மறியல் ஓய்ந்தபாடில்லை. பிள்ளை சின்னதாக இருந்தால் வீட்டிலேயே சுலபமாகப் பிறந்துவிடும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்பினார்கள். அதனால் பிள்ளைத்தாய்ச்சி கடைசி மாதங்களில் அரை வயிறுதான் சாப்பிடுவாள். அம்மா அந்த அரையையும் பாதியாக்கினாள். காலையில் கொஞ்சம் கூழ், அத்தோடு சரி. அப்பா கெஞ்சியபோது, "இந்தப் புள்ளயாவது தங்கட்டும், நீ கம்முனு இருய்யா" என்று அடக்கிவிட்டாளாம். வண்டியும் வேண்டாமல் ஆஸ்பத்திரியும் வேண்டாமல் நான் பிறந்தேன். எலிக்குஞ்சு மாதிரி இருந்தேன் என்பார்கள்.

கல்யாணமாகி மணலூர்பேட்டைக்குப் போனேன். முதல் பிள்ளை உண்டானபோது இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தெரிந்தது. அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். நான் பிறந்த கதையைக் கேட்டுவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார்: "வயித்துல இருக்கும்போது சாப்பாடு கம்மியா கெடச்சா, கொழந்தையோட உடம்பு அதுக்குத் தகுந்த மாதிரி தன்னை அமைச்சிக்கும். பொறந்ததுக்கு அப்புறம் ஜாஸ்தியா கெடச்சா அதால சமாளிக்க முடியாம போகலாம். உங்களுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். ஊசி போட்டுக்கணும், அளவா சாப்பிடணும். பட்டினி மட்டும் கெடக்கவே கூடாது."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவள், ஊர் நெருங்கும்போது கேட்டாள்: "அப்போ இத நான்தான் உனக்குக் குடுத்தனா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மேல் இல்லை. ஒரு பெண் வேறு வழியில்லாமல் செய்ததைக் கடைசியில் அவள் தலையிலேயே கட்டுகிற இந்த உலகத்தின் மேல்.

வீட்டுக்குப் போனதும் சாப்பிட உட்கார்ந்தேன். என் மாமியார் கெட்டவர் இல்லை, பயந்தவர். தட்டிலிருந்த முட்டையைத் திரும்ப எடுத்தார். "சக்கர இருந்தா புள்ள பெருத்துடுமாமே. அப்புறம் வவுத்த கிழிச்சிதான் எடுப்பாங்க. அர வயிறு சாப்புட்டா போதும், எங்க காலத்துல அப்பிடித்தான்."

சம்பந்தி வீட்டில் அதிர்ந்துகூடப் பேசாதவள் என் அம்மா. அன்று எழுந்து வந்து மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"வைங்க அண்ணி அத. அன்னிக்கு ரோடு இல்ல, வண்டி இல்ல, நான் வயித்தக் காயப்போட்டேன். இவளுக்கு இன்னா கொற? போன் போட்டா ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நிக்கிது. கிழிச்சி எடுத்தா எடுக்கட்டும். எம் பொண்ணு பட்டினி கெடக்க மாட்டா."

முட்டை தட்டுக்குத் திரும்பியது. அன்றிலிருந்து டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒரு வாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊசியையும் ஒளித்துப் போட்டுக்கொள்ளவில்லை. கூடத்தில், எல்லோர் கண்ணெதிரே போட்டேன். வேடிக்கை பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். எடை சரியாக இருந்தது, அழுகை அதைவிடச் சரியாக இருந்தது. பிரசவத்தோடு போய்விடும் என்றிருந்தார்கள், எனக்குத்தான் சர்க்கரை போகவில்லை. அது தெரிந்த நாளில் அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பழைய பாட்டையே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் வயிறு நெறைய தின்னிருந்தா உனக்கு இது வந்திருக்காது இல்ல?"

"யாருக்குத் தெரியும்? நான் வந்திருப்பனான்னே தெரியாது" என்றேன். "சக்கர வர்றதுக்கு ஒரு ஆளா நான் இருக்கறனே, அது யாராலம்மா?"