அறவாழி நயினார் பட்டை விட்ட கதை

ஆரணியில் அறவாழி நயினார் பட்டுக்கடை வைத்திருந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பட்டு வியாபாரத்தை விட்ட பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. நம் ஜனங்களுக்குச் சம்பாதிக்கிறவனைவிட விட்டுவிடுகிறவன்மேல் பிரியம் அதிகம், விடுவது தன் சொத்தாக இல்லாத வரைக்கும்.

தேசூர்ப் பக்கத்தில் ஒரு சமண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நிலம் போதாமல் ஆரணிக்கு வந்து, யாரோ ஒருவர் கடையில் புடவை மடித்துப் போட்டு, பிறகு சொந்தக் கடை வைத்தார். பக்கத்து முள்ளிப்பட்டு கிராமத்தில் நெய்கிறவர்களுக்கு நூல் கொடுத்துப் புடவையாக வாங்குவார். பேச்சு குறைவு, கணக்கு சுத்தம். கல்யாணப் பந்திகளில் சொந்தக்காரர்கள், "சமண வூட்ல பொறந்துட்டு பட்டு விக்கிறீங்களே நயினாரே, எத்தினி உசுரு" என்று குத்திக்காட்டுவார்கள். கை கழுவியதும் அதே வாய், "பொண்ணுக்குப் புடவை எடுக்கணும், பாத்து போட்டுக் குடுங்க" என்று கேட்கும். அவர் கோபப்பட மாட்டார். "புழுவ நான் கண்ணால பாத்ததில்லங்க. நூலா வருது, புடவையா போவுது" என்பார். மனைவி ஜெயவதிக்குத்தான் சுருக்கென்றிருக்கும்.

அவர் தூக்கத்தில் கைகாலை உதைத்துக் கத்துகிற பழக்கம் வந்தபோது ஜெயவதி வேறு கட்டிலுக்கு மாறிக்கொண்டாள். "கனவுல யாரோட சண்டை, கடன் கேட்டவனோடயா" என்று காலையில் கேலி செய்வாள். அவரும் சிரிப்பார். அதில் யாருக்கும் பயம் தோன்றவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. சேத்துப்பட்டிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. ஜெயவதியும் அன்றைக்குக் கடையில் இருந்தாள். நயினார் அரக்குக் கலர் புடவை ஒன்றை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து ஜரிகை ஓரத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் பூப்போல எடுத்தார். வாசல் வரை கொண்டுபோய் நிழல் பார்த்துத் தரையில் வைத்துவிட்டு வந்தார். மறுபடி எடுத்தார், மறுபடி கொண்டுபோனார்.

"எத்தினி புழு பாரு ஜெயவதி. எல்லாம் உசுரோட ஊருது" என்றார்.

ஜெயவதி பார்த்தாள். புடவைதான் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள், வந்தவர்களில் வயதான சமணப் பெரியவர் ஒருவர் எழுந்து கைகூப்பிவிட்டார். "இத்தினி வருஷ பாவம் கண்ணுக்குத் தெரிஞ்சிட்டுதும்மா. அவருக்கு ஞானம் வந்துட்டுது" என்றார். ஜெயவதிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயுசு முழுக்கக் கேட்ட குத்தல் பேச்சுக்கெல்லாம் பதில் வந்துவிட்டதாக நினைத்தாள். அதை நம்பாமல் எப்படி இருப்பாள்?

அதற்குப் பிறகு நயினார் பட்டைத் தொடவில்லை. மகன் நேமிகுமார் அப்போதுதான் கடையை நெட்டில் விற்கிற அளவுக்கு வளர்த்திருந்தான். அப்பா சொல்லை மீறாமல் மொத்தத்தையும் மூடிவிட்டு எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்தான். அது இன்றைக்கும் தத்தித் தத்தித்தான் நடக்கிறது. பட்டை விட்டதற்காக ஊரார் கோயிலில் அப்பாவுக்குச் சால்வை போர்த்தியபோது முதல் வரிசையில் நின்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நயினார் சோற்றில் கையை வைத்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் கேட்காது. சாமாயிகத்தில் இருக்கிறார், தியானம் கலையக்கூடாது என்று வந்தவர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தெளிவாகப் பேசுவார். சில்லறை எண்ணத் தெரியாமல் விழித்தார், பற்று விட்டுவிட்டது என்றார்கள். சொந்தத் தெருவில் வீடு தெரியாமல் நின்றார், அதற்கும் அதையே சொன்னார்கள். பிறகு நடை சுருங்கி, கால் தரையோடு தேய ஆரம்பித்தது. முட்டிவலி என்று தைலம் தேய்த்தார்கள். ஒருவரைப் பக்திமான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அவருக்கு வியாதி வர வழியே இல்லை.

இப்போது நயினார் நர்சிங் ஹோம் கட்டிலில் கிடக்கிறார். சிறுநீரில் கிருமி, நெருப்பாய்க் காய்ச்சல். வலது கையில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. அந்தக் கையைத்தான் இழுத்து இழுத்துப் போர்வையைத் துழாவுகிறார். ஊசியை ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கிப் போட்டு, போர்வையெல்லாம் ரத்தம். நேமிகுமார் தோளை அமுக்கிப் பிடித்திருந்தான். பிடிக்கப் பிடிக்க அவர் கத்தினார்.

டாக்டர் சரண்யா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மருந்து ஏறலன்னா கிருமி ரத்தத்துக்குப் பரவிடும். இப்படி ஆட்டினா ஏத்த முடியாது. ஆள அடக்க ஒரு ஊசி போட்டுடறேன். இதுக்கு முன்னாடி இல்லாதது எதனா இருக்கற மாதிரி பேசியிருக்காரா?"

"இல்லிங்க மேடம்" என்றான் நேமிகுமார். "ஜுரம் வந்ததுலேர்ந்துதான். அதுக்கு முன்னாடி நல்லா இருந்தாரு. வெரதக்காரரு."

நர்ஸ் பானுப்ரியா மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றினாள்.

ஜெயவதி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமண வழக்கப்படி, அதற்குள் சாப்பிடக் கொண்டுவந்த டப்பா திறக்காமலே பையில் இருந்தது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது நயினாரின் கை கத்தலை மீறித் தனியாக ஒரு காரியம் செய்தது. போர்வை ஓரத்திலிருந்து எதையோ இரண்டு விரலால் பூப்போல எடுத்தது. கட்டிலுக்கு வெளியே நீட்டி, இடம் தேடித் தடவி, மெதுவாக விட்டது.

ஜெயவதி கட்டிலை நெருங்கிக் குனிந்து பார்த்தாள். அதே விரல்கள். கடையில் அரக்குப் புடவைமேல் பார்த்த அதே எடுப்பு.

அன்றைக்கு மட்டும் என்ன ஞானமா? அப்படியானால் இன்றைக்கு எது? அவள் மகனைப் பார்த்தாள். சொன்னால் அவன் இடிந்துபோவான். ஓடிக்கொண்டிருந்த கடையை மூடியது ஒரு வியாதியின் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் தெரியாததுதான் அவளைப் பயமுறுத்தியது. பானுப்ரியா பஞ்சைக் கையில் எடுத்தாள்.

"டாக்டரம்மா, ஊசிய நிறுத்துங்க" என்றாள் ஜெயவதி. "இது ஜுரத்துல வந்தது இல்ல. கடைய மூடறதுக்கு முன்னாடியே வந்துட்டுது."

"எம்மா" என்றான் நேமிகுமார், தோளிலிருந்து கையை எடுக்காமல். "இன்னா பேசற? அது வேற, இது வேற. ஊரே கண்ணால பாத்துச்சி."

"ஊரு அவரத்தான் பாத்துச்சி. புடவைய பாக்கல."

டாக்டர் கையைக் காட்டி நர்ஸை நிறுத்தினார். "எந்தப் புடவைம்மா? இன்னா நடந்துது?"

ஜெயவதி சொன்னாள். டாக்டர் ஒன்றுதான் கேட்டார். "அந்தப் புடவையில உண்மையிலயே எதனா பூச்சி இருந்துதா?"

நேமிகுமார் அம்மாவின் முகத்தையே பார்த்தான். இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்ற பார்வை அது.

"இல்ல. சுத்தமான புடவை."

டாக்டர் நயினாரின் இடது முழங்கையை மடக்கிப் பார்த்தார். அது விட்டு விட்டு, முரண்டு பிடித்துக்கொண்டு மடங்கியது. "நடை எப்ப மாறுச்சி?"

"கால்தான் மேடம் மொதல்ல" என்றான் நேமிகுமார் அவசரமாக. "அப்பவே தேச்சித் தேச்சித்தான் நடந்தாரு. இது பார்க்கின்சனா இருக்கும். அந்தப் புழுவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"பொய் சொல்லாதடா" என்றாள் ஜெயவதி. குரலில் கோபம் இல்லை. "சால்வை போட்ட அன்னிக்கு நீ வண்டியில வரச்சொன்ன. வேணாம்னுட்டு கோயில் வரைக்கும் அவரே நடந்துபோனாரு. நம்மாலதான் கூட நடக்க முடியல. கால் அடுத்த மழைக்குதான் போச்சி."



"அந்த ஊசிய கொட்டிடு" என்று டாக்டர் பானுப்ரியாவிடம் சொன்னார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார். "பார்க்கின்சன்ல கைகால் மொதல்ல போகும். வருஷக்கணக்குல அதோட இருந்துட்டு அப்புறம்தான் சில பேருக்கு மறதி வரும், இல்லாதது தெரியும். இன்னொண்ணு இருக்கு, லூயி பாடி மறதி நோய்னு. அதுல புத்தியும் கண்ணும் முன்னாடி தடுமாறும். நடை பின்னாடி வரும், இல்லன்னா ஒரு வருஷத்துக்குள்ள கூடவே வரும். மூளையில சேர்ற கசடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். முத்தினப்புறம் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சா எது எதுன்னு எனக்கே தெரியாது. எப்படி ஆரம்பிச்சதுன்னு கூட இருந்தவங்கதான் சொல்லணும். இவருக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. நரம்பு டாக்டர் பாத்துட்டு உறுதியா சொல்லுவாரு."

"ஊசி போட்டிருந்தா?" என்று கேட்டாள் ஜெயவதி.

"பார்க்கின்சனுக்கே அது ஆகாது. இதுல இன்னும் மோசம். ஒடம்பு கட்டையா இறுகிப் போயிருக்கலாம். உசுருக்கேகூட ஆபத்தாயிருக்கும்." டாக்டர் ட்ரிப்ஸ் ஏறும் வேகத்தைப் பார்த்தார். "இப்ப ஊசி இல்லாம சமாளிக்கணும். அமுக்காதீங்க, அமுக்கினா பயப்படறாரு. புழு இல்லன்னு சண்டை போடாதீங்க. இந்த மருந்து முடியற வரைக்கும் அந்தக் கை ஆடக்கூடாது, அவ்ளோதான்."

டாக்டர் போன பிறகு நேமிகுமார் அப்பாவின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான். கண் சிவந்திருந்தது.

"அப்ப நான் கடைய எதுக்கும்மா மூடினேன்?"

ஜெயவதிக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் நயினார் மறுபடி போர்வையிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார். கட்டிலுக்கு வெளியே கையை நீட்டினார். எட்டவில்லை, இன்னும் நீட்டினார். ட்யூப் விறைத்து அதில் ரத்தம் ஏறியது. விரல் மட்டும் இறுகவில்லை. உள்ளே இருப்பது நசுங்கிவிடாதபடி தளர்வாகப் பிடித்திருந்தது.

"நேமி, இங்க பாரு" என்றாள். "புழு வியாதி காட்டினது. நான் ஒத்துக்கறேன். ஆனா அத தட்டி வுடலாம், மிதிக்கலாம், யார் கேக்கப் போறா. காய்ச்சல்ல, ரத்தம் ஒழுவுற கையோட, அது சாவக்கூடாதுன்னு எடம் தேடறாரே. இத எந்த வியாதிடா சொல்லிக் குடுத்துது?"

நேமிகுமார் அப்பாவின் விரல்களைப் பார்த்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலை ஒட்டி உட்கார்ந்தான். அவர் கையை நீட்டத் தேவையில்லாதபடி, வயிற்றுக்குப் பக்கத்திலேயே தன் உள்ளங்கையை விரித்து வைத்தான்.

"இதுல வுடுப்பா."

நயினாரின் கை மடங்கித் திரும்பி வந்தது. ட்யூப் தொய்ந்தது. விரல்கள் மகனின் உள்ளங்கையில் மெல்லத் திறந்தன.

"பாத்து. நசுக்கிடாத" என்றார்.

"இல்லப்பா."

நேமிகுமார் கையை மூடாமல் ஜன்னல்வரை போய், வெளியே நீட்டிக் கவிழ்த்தான். அடுத்ததை வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.