சுவரில் மாட்டிய லைசென்ஸ்

பர் துபாயில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெயிண்ட் தெரிகிற இடம் கொஞ்சம்தான். வியாபார லைசென்ஸ், முனிசிபாலிட்டி காகிதம், குடோனுக்கு ஒரு லைசென்ஸ் என்று எல்லாமே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். வளைகுடாவில் முடிவெட்டும் கடைக்குப் போனாலும் இப்படி ஒரு சுவரைப் பார்க்கலாம். சோதனைக்கு வருகிற ஆள் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். ஃபைலுக்குள் கிடக்கிற லைசென்ஸ் இருந்தும் இல்லாததுதான்.

அந்தச் சுவருக்குக் காவல் எங்கள் பி.ஆர்.ஓ. அரசாங்க அலுவலகங்களுக்குப் போய் அரபியில் பேசி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வருவது அவர் வேலை. கீழக்கரைக்காரர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை என்று நாளுக்கு ஒருதரமாவது சொல்லிவிடுவார். தொலைத்ததில்லை என்பது உண்மைதான். என் கதையிலும் அவர் எதையும் தொலைக்கவில்லை.

நான் அங்கே கம்ப்யூட்டர்காரன். எண்பதுகளின் பிற்பகுதி. ஏ.சி. உதிரிபாகங்கள் விற்கிற கம்பெனி. குடோனில் எந்தப் பாகம் எத்தனை இருக்கிறது என்று சொல்லும் புரோகிராமை நான்தான் எழுதியிருந்தேன். நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தர கம்பைலர் என்ற மென்பொருள் வேண்டும். என்னிடம் இருந்தது பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதிய இரண்டு ஃப்ளாப்பி. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. புது கம்ப்யூட்டரில் போட்டபோது அது மக்கர் செய்தது. அர்பாப், அதாவது எங்கள் அரபி முதலாளி, புது வெர்ஷனை லைசென்ஸோடு முறையாக வாங்கச் சொல்லிவிட்டார். பஹ்ரைனில் இருந்த ஏஜென்ட் மூலம் லண்டனுக்கு ஆர்டர் போனது.

என் லீவு அதில் மாட்டிக்கொண்டது. மேனேஜர் பம்பாய்க்காரர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். புது வெர்ஷன் ஏறி, அதில் ஸ்டாக் ரிப்போர்ட் ஓடி, அதைத் தன் மேஜையில் பார்த்த பிறகுதான் பாஸ்போர்ட் என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் அவருடைய டிராயரில் இருந்தது. டிக்கெட் வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் விமானம் ஏறியபோது மனைவிக்கு நாலு மாதம். மகளுக்கு இப்போது ஒன்றரை வயது தாண்டிவிட்டது. நான் அவளைப் போட்டோவில் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் போட்டோவில் பார்த்திருந்தாள். ஸ்டூடியோக்காரரின் கோட்டையும் டையையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்த படம். பாய்தான் மீனா பஜாரில் தனக்குத் தெரிந்த கடையில் சட்டம் போட்டு, ஊருக்குப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். சட்டத்தில் பொன்னிறப் பூவேலை வேறு. நான் கேட்கவில்லை.

லண்டன் பெட்டி புதன்கிழமைதான் கார்கோவுக்கு வந்து சேர்ந்தது. பாய் போய் எடுத்துவந்தார். வீடியோ கேசட்டோ என்று சந்தேகப்பட்டு கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்தார்களாம். மதிய இடைவேளை முடிந்து நாலு மணிக்கு நான் வந்தபோது பெட்டி என் மேஜையில் இருந்தது. உள்ளே ஆறு ஃப்ளாப்பி, செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். சந்தோஷத்தில் டீ சொல்லிவிட்டு முதல் ஃப்ளாப்பியைப் போட்டேன். அது கரகரவென்று தின்றுவிட்டு இரண்டாவதைக் கேட்டது. இப்படி ஐந்து போன பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது: சீரியல் நம்பர் என்ன?

புத்தகத்தைப் புரட்டினேன். லைசென்ஸ் தாளின் பின்பக்கம் அச்சடித்திருப்பதாகப் போட்டிருந்தது. பெட்டியில் தாள் இல்லை. பெட்டியைக் கவிழ்த்தேன், தெர்மோகோலை உடைத்தேன், குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன். கஸ்டம்ஸ்காரர்களைத் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஐந்து மணிக்குப் பாய் வந்தார். கக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, உங்க கம்ப்யூட்டர் லைசென்ஸ். அவசரம்னு சொல்லி ஒரு மணி நேரத்துல சட்டம் போட்டுட்டேன். நாளைக்கே ஒருத்தன் வந்து கேட்டா, இந்தா பாருன்னு காட்டணும்ல?"

பொன்னிறப் பூவேலைச் சட்டம். கண்ணாடிக்குள் என் லைசென்ஸ், முகம் மட்டும் தெரிய.

"பின்பக்கம் பாய்! பின்பக்கத்துல நம்பர் இருக்கு!"

"பின்பக்கம் யாரு பாக்குறது? சுருங்காம இருக்கட்டும்னு அட்டையில ஃபுல்லா பசை தடவி ஒட்டச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டத்தை அவர் தலையிலேயே மாட்டியிருப்பேன். அதற்குப் பதிலாகப் பஹ்ரைன் ஏஜென்டுக்கு டெலிபோன் செய்தேன். கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி அனுப்பினால் லண்டனில் கேட்டுச் சனிக்கிழமை சொல்வதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை நான் என் வீட்டில் இருக்கவேண்டியவன். ரிசீவரை வைத்துவிட்டுப் பாயிடம் இதைச் சொன்னேன். மகள் விஷயம் அவருக்குத் தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

"குடுங்க," என்று சட்டத்தை வாங்கி, காகிதம் வெட்டுகிற கத்தியால் பின்பக்க ஆணிகளை நெம்பினார். அட்டையோடு தாள் வெளியே வந்தது. "மைதாப் பசைதான் தம்பி. ஆவி பட்டா விட்டுரும்." டீ போடுகிற கெட்டிலைத் தூக்கிவந்து என் மேஜையில் வைத்துக் கொதிக்கவிட்டோம். புத்தம்புது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஆவி புகைகிற கெட்டில். அர்பாப் பார்த்திருந்தால் எங்கள் இருவர் விசாவையும் அன்றைக்கே கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பியிருப்பார்.

தாள் மெல்ல உரிந்து வந்தது. திருப்பிப் பார்த்தேன். நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய கறைதான் இருந்தது. ரிப்பன் மையில் அடித்த நம்பர் ஈரத்தில் அப்படியே அட்டைக்குப் போய்விட்டிருந்தது, இடம் வலமாகத் திரும்பி. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பாய் அட்டையை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். "இதுக்கா உக்காந்துட்டீங்க? வலமிருந்து இடம்தானே, நமக்குப் பழக்கம். எழுதிக்குங்க." அரபி படிக்கிற ராகத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எழுதினேன். மெஷினில் அடித்தேன். தப்பு என்றது. தப்பு என்றதோடு விடாமல், முதல் ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னது. ஐந்து ஃப்ளாப்பிக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம். எட்டு மணிக்கு மேனேஜர் கிளம்பிவிடுவார், வியாழக்கிழமை வரமாட்டார்.

அது கரகரத்துக்கொண்டிருக்கும்போது அட்டையைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டு ஓடி, அங்கிருந்த கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். பாய் மூன்று என்று சொன்னது, திரும்பி நின்ற 'இ'. ஆங்கில 'இ' திரும்பினால் மூன்றைப் போலத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. கெட்டில் யோசனை இல்லாவிட்டால் அந்த மூன்றுகூடக் கிடைத்திருக்காது.

இரண்டாம் தடவை அடித்தபோது நாங்கள் இருவரும் மூச்சுவிடவில்லை. மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறாவது ஃப்ளாப்பியைக் கேட்டது. பாய் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார், "யல்லா!" என்று. எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டாக் ரிப்போர்ட் பிரிண்டரில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. மேனேஜர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், டிராயரைத் திறந்தார்.

வியாழக்கிழமை காலையில் லைசென்ஸ் மறுபடி சட்டத்துக்குள் போய்விட்டது. பாய் ஆணி அடிக்க, நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். நம்பரை நாலு இடத்தில் எழுதிவைத்த பிறகுதான் பிடித்தேன்.

ஊரில் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் அவள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அப்பா எங்க?" என்று மனைவி கேட்டாள். மகள் கொஞ்சமும் தயங்காமல் சுவரைக் காட்டினாள். பொன்னிறப் பூவேலைச் சட்டத்துக்குள் கோட்டும் டையுமாக நான் தொங்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் கழுவுவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் படத்தைக் கழற்றி என் கன்னத்தோடு வைத்து மகளுக்குக் காட்டினேன். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். கோட்டு இல்லாத ஆளை ஒப்புக்கொள்வதாக இல்லை. மூன்றாம் நாள் காலை நான் தோசை தின்றுகொண்டிருக்கும்போது தானாக வந்து என் தொடையில் உட்கார்ந்து, என் தட்டில் கை வைத்து, "அப்பா" என்றாள். இதற்கு முன்னால், அட்டையில் நம்பர் கிடைத்தபோது வந்ததெல்லாம் சந்தோஷமே இல்லை.

"அந்தப் படத்த எடுத்து உள்ள வச்சிரட்டுமா?" என்று மனைவி கேட்டாள். "அதான் ஆளே வந்தாச்சே."

எனக்கு லீவு இரண்டு மாதம்.

"வேண்டாம்," என்றேன். "அங்கேயே மாட்டு. அவளுக்கு வேணும்."