சந்தனம் பூசிய டிஜிட்டல் கையெழுத்து

ஆயுத பூஜை வந்துவிட்டால் என் வீட்டுக்காரரைப் பிடிக்க முடியாது. டிராக்டர், மண்வெட்டி, மிக்ஸி, லேப்டாப், ஒன்றையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பார்ப்பதற்கு பென் டிரைவ் போல இருக்கும். மூடியைக் கழற்றி, கம்ப்யூட்டரில் சொருகுகிற வாயிலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறார் மனுஷர்! பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் நானும் எடுத்துப் பார்க்கவில்லை.

பூஜையெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலை பதினொரு மணியோடு டெண்டர் முடிகிறது. எங்கள் பெண்கள் குழு குத்தகை நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போட்டு, அரிசியாக்கி விற்கிறது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைச் சமையலுக்கு அரிசி கொடுக்க முதன்முதலாக விலை போடுகிறோம். விட்டால் மறுபடி பழைய வியாபாரிதான், அவர் சொன்னதுதான் விலை. காகித டெண்டர் காலத்தில் கவரை ஒட்டுவதற்குள் விலை டீக்கடைக்கு வந்துவிடும் என்பார்கள். இப்போது டோக்கனைச் சொருகிக் கையெழுத்துப் போட்டால், விலை கம்ப்யூட்டர் வழியாகப் பூட்டிக்கொண்டுதான் போகிறது. திறக்கும் நாள் வரை யாராலும் பார்க்க முடியாது.

குழுவே என் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. டோக்கனைச் சொருகினேன். ஊஹும். எடுத்துப் பார்த்தால் உள்ளே சந்தனம் சிமெண்டு மாதிரி காய்ந்து கிடக்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"என்னங்க இது? பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலையா?"

"முக்கியமான சாமான்னு நீதானே சொன்னே? அதான் கூடக் கொஞ்சம் வச்சேன்."

"இது இல்லாம நான்தான் நான்னு கம்ப்யூட்டர் நம்பாதுங்க!"

"நான் வேணா போன் பண்ணிச் சொல்லட்டுமா, இவ என் பொண்டாட்டிதான்னு?"

கூடமே சிரித்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவரே உட்கார்ந்து குண்டூசியால் சுரண்டினார். கொரோனா காலத்துச் சானிடைசரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். சொருகினால் விளக்கு எரியவில்லை. மறுபடி சுரண்டல், மறுபடி ஊதல். ஒருவழியாகப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. ரகசிய எண்ணைப் போடும்போது எல்லோரையும் திரும்பி நிற்கச் சொன்னேன், வீட்டுக்காரரையும்தான். பதினொன்று அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது விலை போய்ச் சேர்ந்தது.

திரையில் ரசீது வந்தது. குழுவில் மூத்த அக்கா, புருஷனை வெகுகாலம் முன்பே இழந்தவர், "என்ன போட்டிருக்கு, படி" என்றார். கையொப்பமிட்டவர் என்று என் பெயரை வாசித்தேன்.

"மேல படி. யாரு சம்சாரம்னு?"

குத்தகைப் பத்திரத்திலும் பட்டாவிலும் அக்காவின் பெயர் இன்றைக்கும் அந்தச் செத்துப்போன மனுஷர் பெயரோடுதான் இருக்கிறது.

"அவ்வளவுதான்க்கா. என் பேரு மட்டும்தான்."

அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்து, என் பெயரையும் அதற்குப் பிறகு இருந்த வெற்றிடத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

டோக்கனைக் காட்டி, "எனக்கும் அதுல ஒண்ணு வாங்கிக் குடுடி" என்றார்.