நிரந்தரம் – முழங்கை ஆழம்

நாலு மாதத்துக்கு முன்பு ஜவ்வாது மலைக்குப் போய், ஒரு பெண்மணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். தப்பு என் மேல்தான்.

பன்னிரண்டே வீடுள்ள ஒரு சின்ன ஊர், குடிநீர்க் கிணறு கேட்டு மனு போட்டிருந்தது. விசாரித்து எழுதி வரச் சொல்லி ஆபீசில் என்னை அனுப்பினார்கள். விசாரணைப் பாரத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நிரந்தரக் குடியிருப்பா, தற்காலிகமா? தற்காலிகம் என்றால் கிணறு கிடையாது!

சுற்றிப் பார்த்தேன். எல்லாம் மண் சுவர், புல் வேய்ந்த கூரை. பேனாவைத் திறந்து 'தற்கா...' என்று ஆரம்பித்தேன்.

"இன்னா சார் எழுதறீங்க?"

கேட்டவர் வெள்ளச்சி, நான் நின்றிருந்த வாசலின் வீட்டுக்காரர். பள்ளத்தில் இறங்கி ஊற்றுத் தண்ணீர் சுமந்து வந்த குடம் இன்னும் இடுப்பில் இருந்தது. விஷயத்தைச் சொல்லி, கூரையைக் காட்டினேன்.

"புல்லு மக்கிப் பூடும், மாத்துவோம். அதுக்கின்னா? இத்த வந்து பாருங்க."

வாசலில் தரையோடு தரையாக ஒரு பாறை. அதிலேயே வெட்டிய உரல் – சாமை குத்துவதற்கு.

"கைய வுடுங்க சார்."

விட்டேன். முழங்கை வரை போனது. உள்ளே அத்தனை வழவழப்பு.

"எங்க மாமியார் வந்தப்பவே இது இருந்திச்சி. அவங்க மாமியார் வந்தப்பவும் இருந்திச்சி. குத்திக் குத்தியே இம்மா ஆழம். இத்தத் தூக்கினு நாங்க எங்க போவோம்?"

கையை வெளியே எடுத்தேன். அவர் விடுவதாக இல்லை.

"உங்க வூட்ல எத்தினி வருசமா கீறீங்க?"

"வாடகை வீடும்மா... எட்டு மாசமா."

"அதுக்கு மின்ன?"

"வேற வீடு."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். வேறென்ன செய்வது? நாலு வருஷத்தில் அஞ்சு வீடு மாறியவன் நான். ஆனால் எல்லாம் சிமென்ட் வீடு – பாரத்தின் கணக்கில் நிரந்தரம்! சுவரைத் தட்டிப் பார்க்கிறோமே... உள்ளே இருப்பவன் ஊன்றியிருக்கிறானா என்று யார் கேட்கிறோம்? எனக்கே வெட்கமாக இருந்தது.

எழுதியதை அடித்துவிட்டு 'நிரந்தரம்' என்று எழுதினேன். பக்கத்திலேயே உரலின் ஆழத்தையும் குறித்தேன்.

ஆபீசில் அதைப் படித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "புல்லுக் கூரைக்கு நிரந்தரமா? என்னய்யா இது?"

"நேர்ல வந்து கையை விட்டுப் பாருங்க சார்."

வந்தார். விட்டார். அந்தப் பாறை மேலேயே பாரத்தை வைத்துக் கையெழுத்தும் போட்டார்.

போன வாரம் கிணற்றில் தண்ணீர் கண்டுவிட்டார்கள். முதல் சொம்பு எனக்குத்தான் கொடுத்தார் வெள்ளச்சி. ஒரே மூச்சில் குடித்தேன்.

ஆபீஸ் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே ஆறு வருஷமாக 'தற்காலிகக் குமாஸ்தா' என்றே இருக்கிறது. மேஜைக்கடியில் ஒரு உரல் வெட்டலாமா என்று யோசிக்கிறேன்!