குட்டி உள்ளே, தாய் வெளியே

பூச்சோங்கில் எங்கள் வீட்டை ஒட்டியே காடு. முப்பது ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் புகார்களைக் கையாண்டவன் என்பதால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும்: அதிகாரி வரும்போது விலங்கு இல்லையென்றால் புகாரும் இல்லை. அதனால் ஒரு காலை காட்டுப்பன்றிக் குட்டியொன்று வாசலுக்குள் நுழைந்ததும், கேட்டைச் சாத்திவிட்டு நகராட்சியின் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். பழுப்பு உடம்பில் வெளிர்க் கோடுகளோடு, பார்க்க அணில் மாதிரிதான் இருந்தது.

குட்டி வீறிட்டது. சாக்கடையிலிருந்து தாய் ஏறி வந்தது. முதுகு மயிர் சிலிர்த்து நிற்க, மூக்கால் கேட்டை முட்டியது. பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்த என் மனைவி சரோஜா அப்போதுதான் திரும்பி வந்து, பத்தடி தூரத்தில் உறைந்து நின்றாள். பன்றி அவள் பக்கம் திரும்பியது.

போனில் ஒரு பெண், "அங்கிள், பன்னி வீட்டுக்கு உள்ளயா, வெளியவா?" என்றாள்.

"குட்டி உள்ள. தாய் வெளிய, என் மனைவிகிட்ட."

"அப்போ ரெண்டு டிபார்ட்மென்ட்லா அங்கிள். லைன்ல இருங்க."

இருந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சரோஜா அசையாமல் சொன்னாள்: "போன்ல அப்புறம் பேசுங்க. அது புள்ளையத் தேடி வந்துருக்கு. கேட்டத் தொறங்க."

திறந்தேன். குட்டி பாய்ந்தோடியது. தாய் அதை மோந்துபார்த்து, முன்னால் தள்ளிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கியது. சரோஜா மீன் பையோடு உள்ளே வந்தாள். என் காதில் இன்னும் காத்திருப்பு இசைதான்.

இப்போதெல்லாம் குட்டி வந்தால் கேட்டை அகலத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன். வெளியே போயிருக்கும் சரோஜாவுக்குத்தான் முதல் போன். அவள் உடனே எடுத்துவிடுகிறாள்.