கிரீன்விச்சும் புளியமரமும்

வானியல் படிக்கிறவன் இரவெல்லாம் வானத்தைப் பார்ப்பான் என்று ஊரில் நினைத்தார்கள். நான் பகலெல்லாம் மனு எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய தொலைநோக்கி என்ன மாமனார் வீட்டுச் சொத்தா? எந்த நட்சத்திரம், எந்த இரவு, இந்தத் தொலைநோக்கியே எதற்கு என்று விளக்கி ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு மனமிரங்கினால் இரவு கிடைக்கும். இல்லாவிட்டால் ஆய்வேடு இன்னொரு வருடம் தள்ளிப்போகும் என்று பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

என்னுடையது இரட்டை நட்சத்திரம். ஒன்று மற்றொன்றை மறைக்கும் சில மணி நேரத்தைப் பிடிக்க வேண்டும். விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்த இடத்தில் கணக்குப் போட்டு, மறைப்பு சரியாக நள்ளிரவில் வரும் இரண்டு இரவுகளைக் கேட்டு, டைப் அடித்தேன். சித்தப்பா தாள்களைப் புரட்டினார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவர். அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் முன்வரிசை ஆள்.

"ஏன்டா, கரியாலூர் மலைக்குப் போயி அண்ணாந்து பாத்தா தெரியாதா? இதுக்கு இன்னாத்துக்கு மனு?"

"அது கண்ணுக்குத் தெரியாது சித்தப்பா."

"கண்ணுக்கே தெரியாததுக்கா இவ்ளோ காயிதம்?"

நியாயமான கேள்வி. குழுவும் இதையே கேட்டுவிடக் கூடாதே என்று இன்னொரு பக்கம் விளக்கம் சேர்த்தேன்.

மறுநாள் அந்தப் போராட்டத்தின் மறியல். சாலைக்குக் குறுக்கே புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள்; பஸ் இல்லை. மனு சேர வேண்டிய கடைசி நாள் நெருங்குகிறதே என்று மறியலைத் திட்டிக்கொண்டே தபாலாபீசுக்கு நடந்து உறையைச் சேர்த்துவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்தேன். ரேடியோவில் லண்டன் கிரிக்கெட். இங்கே சாயங்கால டீ. அங்கே காலை ஆட்டம் இப்போதுதான் தொடங்குகிறதாம்.

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் பார்த்துக் கணக்குப் போட்ட அட்டவணை இங்கிலாந்தின் கிரீன்விச் நேரத்தில் இருந்தது. அங்கே நள்ளிரவு என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. சேவல் கூவி, கிழக்கு வெளுத்து, பால்காரர் மணியடிக்கும் நேரத்தில் நட்சத்திரம் பார்க்க அனுமதி கேட்டு, அதற்கு ஐந்து பக்கம் விளக்கமும் எழுதியிருந்தேன்.

தபாலாபீசுக்கு ஓடினேன். உறை போய்விட்டதா என்று குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"எங்கங்க போவும்? ரோட்டுல மரம் கெடக்குது. பை இங்கதான் குந்திக்கினு இருக்குது."

அந்த மரத்துக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் போட்ட தபாலைத் திரும்பக் கேட்கவும் மனு எழுத வேண்டுமாம். கூடவே அதே விலாசத்தை அதே கையெழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதினேன். ஓடிவந்த மூச்சிரைப்பில் விலாசம் மண்புழுவாக நெளிந்தது. குமாஸ்தா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது வேற ஆள் எழுத்துங்க."

"நான்தாங்க எழுதினேன்."

"எழுதனவரு நல்லா எழுதி இருக்காரே. ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து எழுதுங்க."

தண்ணீர் குடித்து, இன்னும் இரண்டு காகிதம் பாழாக்கிய பிறகு, என் கையெழுத்து என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டார். டைப் அடிக்கும் இடம் மறியலுக்காக மூடிக் கிடந்தது. அட்டவணை நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி மறுபடி கணக்குப் போட்டு, இரவுகளைப் பேனாவால் அடித்துத் திருத்தி, உறையைத் திரும்பக் கொடுத்தேன்.

விடிந்ததும் புதுக் கவலை: பை இன்னும் அங்கேயேதான் இருந்தது. நேற்று கும்பிட்ட மரத்தை இன்று சபித்துக்கொண்டு சாலைக்குப் போனேன். சித்தப்பா சாய்ந்த மரத்தின் மேல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"தபால் வண்டியை மட்டும் விடுங்க சித்தப்பா. மனு போய்ச் சேர்றதுக்குள்ள குழு முடிவு பண்ணிடும்."

"எங்களுக்கும் குழுதான்டா போட்டுருக்காங்க. அது எப்ப முடிவு பண்ணும்னு கேட்டுச் சொல்லு, ஒடனே மரத்த நவுத்திடறோம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானம் போலீஸ் வந்து பேசி, மரத்தை இழுத்துப் போட்டு, பை கிளம்பியது. கடைசி நாளன்றே உறை போய்ச் சேர்ந்ததாம்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கேட்ட இரண்டு இரவில் ஒன்றை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மறைப்புக்கு அது போதும், ஆய்வேடு பிழைத்தது. சித்தப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரெண்டு கேட்டதுக்கு ஒண்ணா?" என்றார், கரும்புக் கட்டை இறுக்கிக்கொண்டே. "வெறும் மனுவ நம்பினா அப்படித்தான். நீயும் ஒரு மரத்த வெட்டிப் போட்டிருக்கணும்."